வாயில்லா உயிரும் வலிப்பு நோயும்

நோய்களுக்குப் பெயர் சூட்டுவதில் மக்களுக்குள்ள கற்பனை வியப்பிற்குரியது. மலேசிய மண்ணில் அருகருகே வாழும் மூவினத்தாரும் ஒரே நோயை மூன்று உயிரினங்களின் தலையில் ஏற்றி வைத்திருக்கின்றனர். தமிழர் அதனைக் ‘காக்காய் வலிப்பு’ என்பர். மலாய்க்காரரின் பேச்சு வழக்கில் அது ‘கீலா பாபி’, அதாவது பன்றிப் பித்து. சீனரோ ஆட்டுப் பித்து என்னும் பொருள்படப் பெயரிட்டனர். உண்மையில் காக்கைக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. ‘கால் கை வலிப்பு’ என்னும் தொடரே வாய்மொழியில் தேய்ந்து ‘காக்காய்’ ஆயிற்று என்பர். ஆடு வேண்டுமானால் சற்றே உரிமை கொண்டாடலாம். ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னர் கிரேக்க நாட்டில் எழுந்து, இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூலொன்று, இந்நோய் தெய்வத்தின் சீற்றமன்று, மூளையின் கோளாறே என்று வாதிட்டது. ஐயுறுவோர் வலிப்புக்கு ஆளான ஆட்டின் தலையைத் திறந்து பார்க்கட்டும் என்றும் அது கூறிற்று. மனிதனின் நோயை விளக்க விலங்கைச் சான்றாக அழைத்த முதல் குரல்களுள் அதுவும் ஒன்று.

இப்பெயர் வரிசையில் நாய்க்கு இடம் இல்லை. ஆயினும், நாய்களைத் தாக்கும் நாட்பட்ட நரம்பு நோய்களுள் வலிப்பே மிகப் பரவலானது என்பது கால்நடை மருத்துவர்கள் கண்ட உண்மை. நூறு நாய்களை எடுத்துக்கொண்டால் ஒன்றுக்குச் சற்றுக் குறைவான அளவில் இந்நோய் காணப்படுகிறது. சிறிய தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு குடியிருப்பில் இரண்டு தெருக்களுக்கு ஒரு வீட்டில் இக்காட்சி நிகழ்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அது சிறியதன்று.

நாய்க்கு இந்நோய் வந்தால் மக்கள் அதற்குத் தனிப்பெயர் தேடுவதில்லை. வாயில் நுரை தள்ளி, கால்களை உதைத்து, கண் நிலைகுத்தி விழுந்து கிடக்கும் நாய்க்கு ஆயத்தமாகவே ஒரு பெயர் இருக்கிறது: வெறிநாய். அப்பெயர் வாயிலிருந்து வந்த மறுகணமே கட்டையும் கல்லும் கைக்கு வந்துவிடும். ஜொகூர் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வளர்ந்த தலைமுறையினருக்கு இது புதுச் செய்தியன்று. அக்காலத்து அச்சம் காரணமற்றதும் அன்று. 1950ஆம் ஆண்டுகளில் மலாயாவில் வெறிநாய்க்கடி நோயை ஒழிக்கத் தடுப்பூசியும் தெருநாய் ஒழிப்பும் ஒருங்கே நடைபெற்றன. பின்னர் நெடுங்காலம் அடங்கியிருந்த அந்நோய், 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகிய வடமாநிலங்களில் மீண்டும் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் பரவி மனித உயிர்களையும் கொண்டது. ஆகவே நுரை தள்ளும் நாயைக் கண்டு ஒருவர் பின்வாங்கினால் அவரைக் கோழை என்று இகழ்வதற்கில்லை. இரண்டையும் பிரித்தறியும் அறிவு மட்டுமே இங்கு வேண்டப்படுவது. அவ்வறிவு இல்லாமையால் கொல்லப்பட்ட நாய்களுக்குக் கணக்கு எழுதி வைத்தவர் எவருமிலர்.

வேறுபாடு தெளிவானது. வெறிநோய் கண்ட நாயின் இயல்பே நாளுக்கு நாள் மாறுகிறது, அது மீள்வதில்லை, அறிகுறி தோன்றிய பத்து நாளைக்குள் பெரும்பாலும் மாண்டுபோகிறது. வலிப்பு வந்த நாயோ ஓரிரு நிமிடம் துடித்தபின் எழுகிறது, தள்ளாடுகிறது, ஒருமணி நேரத்தில் தண்ணீர் குடித்து, அடுத்த வேளைச் சோற்றுக்கு வாலாட்டி நிற்கிறது. தடுப்பூசி போடாத, வந்தவழி அறியாத நாயாயின் அதன் எச்சிலைத் தொடாது விலகி நின்று கால்நடை மருத்துவச் சேவைத் துறைக்கு அறிவிப்பதே முறை. கடிபட்டிருந்தாலோ அக்கணமே சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவி மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். வீட்டில் பிறந்து வளர்ந்து, வேலியைத் தாண்டாத சின்னஞ்சிறு நாயின் நிலை வேறு.

அத்தகைய சிறு நாய்கள் இன்று பெருகியதற்கும் ஒரு வரலாறு உண்டு. தோட்டத்தில் நாய் என்றால் அது காட்டுப்பன்றியைத் துரத்தும். மரவள்ளிக் கொல்லையைக் காக்கும். விடியற்காலையில் பால்மரம் வெட்டச் செல்லும் பெண்ணுக்கு முன்னே ஓடிப் பாம்பைக் காட்டிக் கொடுக்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும், செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தும் மக்கள் கூலாய், ஸ்கூடாய், மாசாய் போன்ற நகர்ப்புறத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது வேட்டை நாய்க்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. இருபதடி அகல வரிசை வீட்டுக்கு ஏற்றவை பொமரேனியன், சிவாவா, ஷீட்சு போன்ற குறுநாய்களே. வேலை ஏதுமின்றி அன்புக்கென்றே வளர்க்கப்படுபவை இவை. இவற்றின் சிற்றுடலுக்கென்று சில தனி இடர்கள் உள்ளன என்பதை வாங்குவோரிடம் விற்போர் சொல்வதில்லை.

கூலாய் நகரில் அத்தகைய வீடொன்றில் நடந்ததை ஈண்டுக் கூறலாம். வீட்டுத் தலைவர் தோட்ட மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தோட்டத்து வழக்கில் ‘டிரசர் ஐயா’. டாக்டர் மாதமொருமுறை வந்துபோகும் தோட்டங்களில் காய்ச்சலுக்கும் பேறுகாலத்துக்கும் பாம்புக் கடிக்கும் இவர் போன்றோரே துணை. வலிப்பு வந்த தொழிலாளர் பலரை வெளிக்காட்டிலிருந்து தூக்கி வந்து படுக்க வைத்துப் பார்த்தவர் அவர். அவர் வீட்டிலிருந்தது மூன்று வயதான, மூன்று கிலோ எடை தேறாத பொமரேனியன் கலப்பு நாய். மணி என்று பெயர்.

ஒருநாள் பின்னிரவில் கூடத்திலிருந்து நகங்கள் தரையோட்டில் தாளமிடும் ஓசை எழுந்தது. விளக்கைப் போட்டால், மணி பக்கவாட்டில் விழுந்து, கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, நான்கு கால்களாலும் காற்றில் நீந்திக் கொண்டிருந்தது. பற்கள் கிட்டித்திருந்தன. வாயோரம் நுரை. கீழே சிறுநீர் பரவியிருந்தது.

“என்னங்க, இரும்புச் சாவி எங்கே? கையில் வைக்கணும்!” என்று அவர் மனைவி பதறினார்.

“அதற்குக் கை ஏது? நீ கடிகாரத்தைப் பாரு” என்றார் அவர்.

நகைச்சுவைக்காகச் சொன்னதன்று அது. வலிப்பின்போது செய்யத்தக்க முதற்செயலே காலத்தை அளப்பதுதான். பார்ப்பவர் நெஞ்சில் ஒரு நிமிடம் ஒரு யுகமாய் நீளும். ‘பத்து நிமிடம் துடித்தது’ என்று மருத்துவரிடம் கூறுவோர் பலர். கடிகாரமோ ஒன்றரை நிமிடம் என்று சாட்சி சொல்லும். இந்தக் கணக்கில்தான் நாயின் உயிர் அடங்கியிருக்கிறது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடத்தில் தாமே அடங்கும். ஐந்து நிமிடத்தைக் கடந்தும் நில்லாத வலிப்பும், ஒரே நாளில் இரண்டு மூன்று முறை தொடர்ந்து வரும் வலிப்பும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே நினைவு திரும்பாமையும் உடனடி மருத்துவத்துக்கு உரியவை. தசைகள் ஓயாது இயங்குவதால் உடல் கொதித்து, அவ்வெப்பமே மூளையையும் ஈரலையும் கெடுக்கும். நம் நாட்டு வெக்கையில் இவ்விடர் மேலும் பெரிது.

இரும்பு கொடுத்தல் தமிழரிடையே தொன்றுதொட்டு வரும் வழக்கம். இரும்பு எடுத்து வருவதற்குள் பெரும்பாலும் வலிப்பு தானே நின்றுவிடுவதால், புகழ் இரும்புக்குப் போய்ச் சேர்ந்தது. சாவியால் தீங்கில்லை என்று விட்டுவிடலாம். தீங்கு விளைப்பது வேறு. பற்களுக்கிடையே கரண்டியைத் திணிப்பதும், நாக்கை விழுங்கிவிடுமென்று அஞ்சி வாய்க்குள் விரல் விடுவதும் மிகப் பெரிய தவறுகள். நாய் தன் நாக்கை விழுங்குவதில்லை, விரலைத்தான் கடிக்கும். அப்பொழுது அதற்கு வளர்த்தவர் யாரென்பதே தெரியாது. தண்ணீரோ பாலோ ஊற்றினால் அது மூச்சுக் குழாய்க்குள் இறங்கும். அவ்வீட்டுப் பெரியவர் செய்தவை சிலவே. மேசை நாற்காலிகளை நகர்த்தினார். படிக்கட்டின் பக்கம் ஒரு தலையணையை அண்டக் கொடுத்தார். தொலைக்காட்சியையும் விளக்கையும் அணைத்து, காற்றாடியைச் சுழலவிட்டு, ஒரு கைவிளக்கு வெளிச்சத்தில் தள்ளி அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருப்பது எளிய செயலன்று. அன்புள்ளவர்க்கு அது மிகவும் கடினம்.

மருமகள் கைப்பேசியில் அக்காட்சியைப் படம் பிடித்தார். “இந்த நேரத்தில் படம் எதற்கம்மா?” என்று மாமியார் கடிந்துகொண்டார். மறுநாள் மருத்துவர் முதலில் கேட்டது அந்தப் படத்தைத்தான்.

ஒரு நிமிடம் நாற்பது விநாடியில் துடிப்பு நின்றது. அதன்பின் வந்தது வீட்டாரை இன்னும் கலக்கியது. எழுந்த நாய் சுவரில் முட்டியது. கண் தெரியாததுபோல் அறை அறையாகச் சுற்றியது. பெரியவர் குரலுக்கு உறுமியது. பிறகு பெரும்பசி கொண்டு தட்டை நக்கிற்று. இதுவும் நோயின் ஒரு பகுதியே. மூளை தன் நிலைக்கு மீள எடுத்துக்கொள்ளும் காலம் இது. சில நிமிடமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அந்நேரம் பக்கத்து வீட்டுச் சீன மூதாட்டி வேலியருகே வந்து எட்டிப் பார்த்து “அஞ்சிங் கீலா!” என்று கூவிவிட்டார். விடிந்தபின் பெரியவர் நாயின் தடுப்பூசி அட்டையை எடுத்துச் சென்று அவரிடம் காட்டி, மனிதர்க்கு வரும் அதே நோய்தான் என்று மலாய்மொழியில் விளக்கினார். மூதாட்டி சற்று நேரம் பேசாதிருந்து, தம் தம்பிக்கும் சிறுவயதில் அது இருந்ததென்றும், அதனாலேயே அவனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்றும் சொன்னார்.

விழுந்து துடிப்பன எல்லாம் வலிப்பு அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உறக்கத்தில் கால் உதறி, மெல்ல முனகும் நாய் கனவு காண்கிறது; பெயர் சொல்லி அழைத்தால் விழித்துக்கொள்ளும். வலிப்பில் இருக்கும் நாய் அழைப்புக்குச் செவிசாய்க்காது. முதிய குறுநாய்களுக்கு இதயத்து வால்வு பழுதாவது மிகுதி. அவை ஓடியபோதோ இருமியபோதோ மகிழ்ச்சி மிகுந்து துள்ளியபோதோ துவண்டு சரிந்து, அரை நிமிடத்தில் ஒன்றும் நடவாததுபோல் எழும். இது மயக்கம். துணிபோல் துவளுதல் மயக்கத்தின் குறி; கட்டைபோல் விறைத்தல் வலிப்பின் குறி எனப் பொதுவாகக் கொள்ளலாம். மூக்கால் உள்ளிழுத்துக் ‘கர் கர்’ரென்று ஒலித்து நிற்பது சிறு நாய்களின் ஒருவகைத் தும்மலே. கிழநாய் தலையைச் சாய்த்து, விழிகள் பக்கவாட்டில் ஆட, வட்டமிட்டு விழுமாயின் அது உட்காதின் சமநிலைக் கோளாறாகவும் இருக்கலாம். மறுபுறம், விழாமலே வரும் வலிப்பும் உண்டு. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் வெட்டி இழுப்பதும், இல்லாத ஈயைக் கவ்வுவதுபோல் வாயைத் திறந்து மூடுவதும், சூயிங்கம் மெல்வதுபோல் தாடை ஆடுவதும் அவ்வகை. இவற்றை விளையாட்டென்று எண்ணிச் சிரித்தவர்களும் உண்டு.

மருத்துவர் முதலில் வினவியது நோயைப் பற்றியன்று, வீட்டைப் பற்றி. நேற்று என்ன தின்றது? முற்றத்தில் என்ன தெளித்தீர்கள்? எலிக்கு மருந்து வைத்தீர்களா? இக்கேள்விகளின் ஆழம் ஜொகூரில் வாழ்வோர்க்கு எளிதில் விளங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கால்வாயோரமெல்லாம் தேரைகள். அவற்றின் தோல் சுரப்பு நஞ்சுடையது. கவ்விய நாய்க்கு முதலில் எச்சில் ஒழுகும். நஞ்சு மிகுந்தால் வலிப்பு. பெரிய நாய் துப்பிவிட்டுப் போகும் அளவு, மூன்று கிலோ நாய்க்கு எமனாகலாம். ஈரத்துணியால் ஈறுகளையும் நாக்கையும் பலமுறை துடைத்து, தலையைத் தாழ்த்தி நீரை வெளிப்புறமாக ஓடவிட்டுக் கழுவுதல் உடன் செய்யத்தக்கது. பூச்செடிகளுக்கு இடப்படும் நத்தை மருந்து நாய்த்தீனி போன்றே குருணையாய் இருக்கும். அதுவும் நடுக்கத்தையும் வலிப்பையும் தருவது. பூச்சிக்கொல்லிகள் பல இவ்வினத்தைச் சேர்ந்தவை. தீபாவளி, சீனப் புத்தாண்டு விருந்துகளில் விருந்தினர் கைதவறிப் போடும் சாக்லேட்டும், சர்க்கரைக்கு மாற்றாகச் சில மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டாலும் நாய்க்கு நஞ்சு.

தமிழர் இல்லத்தில் இன்னொன்று உண்டு. அதைப் பலர் நினைப்பதே இல்லை. பூசை மாடத்துக் கற்பூரம். கற்பூரம் வலிப்பைத் தூண்டும் பொருள் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்தது. 1934ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டு மருத்துவர் மெதுனா, மனநோயாளர்களுக்கு வேண்டுமென்றே வலிப்பை வரவழைத்துக் குணப்படுத்த முயன்றபோது, அவர் முதலில் ஊசிவழிச் செலுத்தியது எண்ணெயில் கரைத்த கற்பூரத்தையே. அந்தப் பொருள், கீழே உருண்டு விழுந்து, தரையை முகர்ந்து திரியும் குறுநாயின் வாய்க்கு எட்டும் உயரத்தில் நம் வீடுகளில் கிடக்கிறது. வலிப்பு கண்ட நாயின் மூக்கில் தலைவலித் தைலத்தைத் தேய்ப்போரும் உளர். அத்தைலங்கள் பலவற்றில் இருப்பவை கற்பூரமும் நீலகிரித் தைலமும். தீயை எண்ணெய் ஊற்றி அணைக்கும் முயற்சி அது.

இளங்குட்டியாயின் வேறொரு காரணம் முன்னே நிற்கும். உள்ளங்கையில் அடங்கும் சிவாவாக் குட்டிக்கு ஈரலில் சேமிப்பு மிகக் குறைவு. ஒருவேளை உணவு தப்பினாலும் குருதியில் சர்க்கரை தாழ்ந்து, துவண்டு, வலிப்பில் முடியலாம். விரல் நுனியில் சிறிது தேனையோ சர்க்கரைப் பாகையோ எடுத்து, துடிப்பு அடங்கியபின் ஈற்றில் தடவிவிட்டு மருத்துவரிடம் விரைதல் வேண்டும். ஊற்றுதல் கூடாது. இனி, குட்டி ஈன்று சில வாரமே ஆன சிறு தாய்நாய், பால் கொடுத்துக் கொடுத்துச் சுண்ணச்சத்து குறைந்து, மூச்சிரைத்து, கால் விறைத்து நடுங்கும். நினைவு தப்பாமலே விறைப்பது இதன் தனிக்குறி. மணிக்கணக்கில் உயிர் போகும் நோய் இது. மருத்துவர் நரம்பின் வழியே சுண்ணச்சத்தைச் செலுத்தினால் அவர் கண்முன்னேயே நாய் தேறி எழும். இதில் ஒரு விந்தை: கருவுற்ற காலத்தில் நாய்க்கு நல்லதென்று சுண்ணச்சத்து மாத்திரைகளை அள்ளிக் கொடுத்தால், உடல் தன் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை மறந்து, இந்நோய்க்கு எளிதில் ஆட்படும்.

மணிக்கு இவை எவையும் இல்லை. குருதியில் சர்க்கரையும் சுண்ணச்சத்தும் சரியாயிருந்தன. ஈரலும் சிறுநீரகமும் பழுதின்றி இயங்கின. ஆறு மாதத்துக்கும் ஆறு வயதுக்கும் இடையே தொடங்கி, இரு வலிப்புகளுக்கு நடுவே நாய் முழு நலத்தோடிருந்து, வேறு காரணமும் புலப்படாதாயின், பிறவி இயல்பாய் வந்த வலிப்பு நோயென்றே கொள்வர். காரணம் தெரியாமை என்பதே இங்கு நோயின் இலக்கணம். முதுமையில் முதன்முறையாக வலிப்பு வந்தால் மூளைக் கட்டியையும் ஐயுற வேண்டும். அதற்குத் தலையை ஊடுருவிப் படமெடுக்கும் வசதி தேவை. அது எல்லா ஊரிலும் இல்லை. குளுவாங்கில் கால்நடைக் கல்விக்கென்றே ஒரு நிலையம் உண்டு. பழையவர்கள் ‘இன்ஸ்டிடியூட் ஹைவான்’ என்றே இன்றும் சொல்வர். மாடும் ஆடும் கோழியும் வளர்ப்போருக்குப் பயிற்சி தருவது அதன் முதற்பணி. குறுநாயின் மூளைக்கு வழிதேடுவோர் தனியார் மருத்துவரையோ, 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள செர்டாங் புத்ரா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையையோ நாடவேண்டியிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், நோயுற்ற விலங்குக்கு மருத்துவம் பார்ப்பதை வளர்ப்பவரின் கடமை என்கிறது. கடமையைச் சொல்வது எளிது. நள்ளிரவில் திறந்திருக்கும் மருத்துவமனையைச் சிற்றூரில் கண்டுபிடிப்பது அவ்வளவு எளிதன்று. எது திறந்திருக்கும் என்பதை நோயில்லாத நாளிலேயே விசாரித்துத் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைத்தல் நலம்.

முதல் வலிப்புக்கே மருந்து தொடங்குவதில்லை. ஆறு மாதத்துக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட வலிப்புகள் வந்தால் தொடங்கலாம் என்பது 2015ஆம் ஆண்டில் பன்னாட்டுக் கால்நடை வலிப்பு நோய் வல்லுநர் குழு வகுத்தளித்த நெறிகளுள் ஒன்று. நீண்ட வலிப்போ தொடர் வலிப்போ வந்தால் காத்திருக்க வேண்டியதில்லை. மணிக்கு இருபத்தொன்பதாம் நாள் மீண்டும் வந்தது. அதிலிருந்து பதினேழாம் நாள் மறுபடியும். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தின் பெயரைக் கண்டதும் பெரியவர் முகத்தில் ஒரு மலர்ச்சி. பீனோபார்பிட்டோன். தோட்ட மருத்துவமனை அலமாரியில் பூட்டி வைத்து, கணக்கெழுதி, தொழிலாளர்க்குத் தம் கையாலேயே எண்ணிக் கொடுத்த அதே மாத்திரை.

அம்மருந்தின் வலிப்படக்கும் ஆற்றலை 1912ஆம் ஆண்டில் கண்டு சொன்னவர் ஹாப்ட்மன் என்னும் இளம் ஜெர்மானிய மருத்துவர். அதற்கும் முந்தியது புரோமைடு. 1857இல் இலண்டன் மருத்துவர் சார்லஸ் லோக்காக் அறிவித்தது. மனிதருக்கு இன்று புரோமைடு கொடுப்பார் அரிதினும் அரிது. நாய்களுக்கோ அது இன்னும் துணைமருந்தாகப் பயன்படுகிறது. மனிதருக்கு நன்கு பயன்படும் பெனிட்டாயின் நாயின் உடலில் மிக விரைவில் கரைந்து பயனற்றுப் போகிறது. ஆகவே வீட்டிலுள்ள பாட்டியின் வலிப்பு மாத்திரையை எடுத்து நாய்க்குப் புகட்டுவது வீண், ஆபத்தும்கூட. மூளை மின்னாற்றலால் இயங்குவது என்னும் அறிவே நாயிடமிருந்து கிடைத்தது என்பதையும் இவ்விடத்தில் நினைக்கலாம். 1870ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் பிரிட்ச், ஹிட்சிக் என்னும் இருவர் நாய்களின் மூளைப் புறணியில் மென்மின்னோட்டம் பாய்ச்சியபோது எதிர்ப்பக்கத்துக் கால்கள் அசைந்தன. அந்நாய்கள் பட்ட துன்பத்தின் பயனை மனிதன் முதலில் எடுத்துக்கொண்டான். நாயின் இனத்துக்கு அது திரும்பி வர ஒரு நூற்றாண்டு பிடித்தது.

பன்னிரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை மாத்திரை. மகன் கடற்பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர். குடிநுழைவுச் சாவடி நெரிசலுக்கு அஞ்சி விடியல் ஐந்து மணிக்குப் புறப்படுவார். ஆதலின் காலை ஐந்து, மாலை ஐந்து என்று முறை வகுத்தார்கள். முதல் பதினைந்து நாள் மணி குடிகாரன்போல் பின்னங்கால் தள்ளாடி நடந்தது, ஓயாது நீர் குடித்தது, கண்ட இடத்தில் சிறுநீர் கழித்தது, பசியோ அடங்கவில்லை. “இதற்கு அந்த நோயே தேவலாமே!” என்று மாமியார் அலுத்துக்கொண்டார். இவ்விடத்தில்தான் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். நிறுத்திய சில நாட்களில், முன்னிலும் கொடிய தொடர் வலிப்பு வந்து நாயைக் கொண்டுபோகும். மருந்து குருதியில் நிலைபெற இரண்டு வாரமாகும். தள்ளாட்டம் பெரும்பாலும் அதன்பின் குறையும். குருதியில் மருந்தின் அளவை மருத்துவர் அளந்து பார்த்துக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பார். ஈரலையும் ஆண்டுக்கு இருமுறையேனும் சோதிப்பார். பெரியவர் மாத்திரையை இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தார். இட்லி இல்லாத நாளில் வாழைப்பழம்.

மளிகைக் கடைகளில் கடன் எழுதப் பயன்படுமே, அந்த 555 புத்தகம் ஒன்றை வாங்கி, நாள், மணி, எத்தனை விநாடி, முன்னர் என்ன நடந்தது, பின்னர் எவ்வளவு நேரம் தடுமாறியது என்று அவர் குறித்து வந்தார். மருத்துவமனைப் பதிவேடு எழுதிய கை. சில பக்கங்களில் ‘இடி மழை’ என்றும், ஒரு பக்கத்தில் ‘பேரன் பிறந்தநாள், கூட்டம்’ என்றும் எழுதியிருக்கிறது. ஏழாம் பக்கத்தில் ‘வருவதற்கு முன் என் காலடியில் வந்து ஒண்டியது’ என்றிருந்தது. வலிப்புக்குச் சற்று முன்னர் நாய்கள் சில அமைதியிழந்து ஒளிவதும், வளர்த்தவரை ஒட்டி நிற்பதும் உண்டு. அதைக் கண்டுகொண்டபின் வீட்டார் மணியைச் சோபாவிலிருந்து இறக்கித் தரையில் மெத்தை விரித்து விடுவர்.

மருந்தால் நோய் முற்றும் போய்விடும் என்று கருதுதல் கூடாது. நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையான நாய்களுக்கு மருந்திருந்தும் வலிப்பு நன்கு அடங்குவதில்லை. இரண்டாம் மருந்து, மூன்றாம் மருந்து என்று சேர்க்க நேரும். அந்தச் சுமையைத் தாங்க இயலாது நாயை வலியின்றி உறங்க வைத்துவிடுமாறு வேண்டும் குடும்பங்களும் உள்ளன. அவர்களைக் கல்நெஞ்சர் என்று பழிப்போர், இரவெல்லாம் ஒரு சிற்றுடல் துடிப்பதை அருகிருந்து பார்த்தவராய் இருக்கமாட்டார். எனினும் அம்முடிவு முதல் வலிப்பன்று இரவே எடுக்கத்தக்கதன்று.

மணிக்கு வலிப்பு நிற்கவில்லை, அரிதாயிற்று. மூன்று வாரத்துக்கொருமுறை வந்தது, நான்கைந்து மாதத்துக்கொன்றாகி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கலாயிற்று. நீண்ட வலிப்பு வந்தால் ஆசனவாய் வழியே செலுத்தும் டயசிபம் மருந்தை மருத்துவர் அளந்து கொடுத்து, பயன்படுத்தும் முறையையும் கற்பித்திருக்கிறார். அது குளிர்சாதனப் பெட்டியின் மேலுள்ள பிஸ்கட் டின்னில் இருக்கிறது, ஒருமுறைதான் தேவைப்பட்டது.

சென்ற ஆண்டு உறவினர் திருமணத்துக்காக அக்குடும்பம் மூன்று நாள் ஈப்போ செல்ல வேண்டியிருந்தது. நாயை யாரிடம் விடுவது, ஐந்து மணி மாத்திரையை யார் கொடுப்பது என்ற பேச்சு எழுந்தபோது, வேலிக்கு அப்பாலிருந்த மூதாட்டி தாமாகவே வந்து மாத்திரைப் புட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 555 புத்தகத்தில் அந்த மூன்று நாளுக்குரிய பக்கம் சீன எழுத்தில் இருக்கிறது. ஆறு வேளையும் நேரம் தவறாமல் குறிக்கப்பட்டுள்ளது. அருகே ஒவ்வொரு நாளும் ஒரு சிறு மீன் படம்; மாத்திரையை அவர் மீனுக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார். அதுமுதல் மணி இட்லியைத் தொட மறுக்கிறது.